‘வெற்றிகரமாக முடிந்தது’ என்றால் போதுமா? விண்வெளித் துறைக்கு ஒரு திறந்த மடல்

விண்வெளித் துறையின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமைக்கும், பெங்களூரில் உள்ள மனித விண்வெளிப் பயண மையத்துக்கும்,

2025 மே 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது. எரியறையின் அழுத்தம் குறைந்தது என்று அன்றைக்கே சொன்னீர்கள். ஏன் குறைந்தது என்று ஆராயக் குழு அமைத்தீர்கள். அந்தக் குழுவின் அறிக்கை மக்கள் பார்வைக்கு வராமலேயே 2026 ஜனவரி 12 அன்று பிஎஸ்எல்வி-சி62 ஏவப்பட்டது. அதுவும் மூன்றாம் கட்டத்தில்தான் தடம் மாறியது.

பிஎஸ்எல்வியில் ஆள் ஏறப்போவதில்லை, நம் ஆட்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு எல்விஎம்-3 என்ற வேறு ராக்கெட் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ராக்கெட் வேறு. ஆனால் அறிக்கையை உறைக்குள் போட்டு ஒட்டுகிற நிறுவனம் ஒன்றுதானே? அதே பழக்கத்தோடு மூன்று பேரை 400 கி.மீ. உயரத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்பதுதான் எங்கள் கவலை. இந்தத் திட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதியும் வகுப்பறையில் விளக்கியும் வருகிற எங்களுக்கு, உங்கள் செய்திக்குறிப்புகளை வரிவரியாகப் படிப்பதே வேலை. அவற்றில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் பழைய கணக்கு. 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோவியத் விண்கலமான சோயுஸ் டி-11இல் ஏறியபோது அவருடன் யூரி மாலிஷெவும் கென்னாதி ஸ்திரெகாலோவும் இருந்தார்கள். சர்மா 7 நாள் 21 மணி 40 நிமிடம் விண்வெளியில் இருந்தார், சல்யூத்-7 விண்வெளி நிலையத்தில் யோகா செய்தார், பூமியைப் படமெடுத்தார் என்பதெல்லாம் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த ஸ்திரெகாலோவுக்கு ஆறு மாதம் முன்பு என்ன நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1983 செப்டம்பர் 26. பைக்கானூர் ஏவுதளத்தில் ஸ்திரெகாலோவும் விளாதிமிர் தீத்தொவும் கலனுக்குள் இருக்கிறார்கள். ஏவுவதற்கு ஒன்றரை நிமிடம் இருக்கும்போது ஒரு வால்வு சரியாக மூடாமல் எரிபொருள் கசிந்து, ராக்கெட்டின் அடியில் தீப்பிடித்தது. கலனைப் பிய்த்துக்கொண்டு போகும் தப்பிக்கும் அமைப்பு தானாக இயங்கியிருக்க வேண்டும். ஆனால் கட்டளை போகும் கேபிள்களையே தீ எரித்துவிட்டது. தரையில் இருந்த இரண்டு பேர் தனித்தனியே ரேடியோ கட்டளை கொடுத்த பிறகுதான் அது இயங்கியது. இருவரும் 14 முதல் 17 ஜி வரை (அதாவது உடல் எடையைப் போல் 14 முதல் 17 மடங்கு அழுத்தம்) தாங்கி, சுமார் 4 கி.மீ. தள்ளி உயிரோடு இறங்கினார்கள். சில நொடிகளில் ராக்கெட் வெடித்தது.

சோவியத் அரசு அதைத் தன் மக்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லவில்லை. தப்பிக்கும் அமைப்பு இருந்தால் மட்டும் போதாது, அதற்குக் கட்டளை போகிற வழி தீயில் பிழைக்க வேண்டும் என்ற பாடம் அந்த மௌனத்துக்குள் கிடந்தது.

சர்மா விண்வெளி உடை அணிந்து பறந்ததற்குப் பின்னாலும் மூன்று சாவுகள் இருக்கின்றன. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ்-11 திரும்பும்போது, கலன்கள் பிரிந்த அதிர்ச்சியில் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு ஒன்று திறந்துகொண்டது. உள்ளே இருந்த மூவருக்கும் விண்வெளி உடை இல்லை. அதன் பிறகு சோயுஸில் உடை கட்டாயமானது. உடைக்கும் அதன் காற்று அமைப்புக்கும் இடம் வேண்டி இருக்கைகளை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவது இருக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது சோயுஸ் டி வகைதான். அந்த மூன்றாவது இருக்கை இல்லையென்றால் 1984 பயணமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த வாய்ப்பு கைநழுவியது இன்னொரு விபத்தால். இன்சாட்-1சி செயற்கைக்கோளை அமெரிக்க விண்கல ஓடம் கொண்டுபோகும்போது கூடவே ஓர் இந்தியரும் போவதாக இருந்தது. என்.சி. பட், பி. ராதாகிருஷ்ணன் நாயர் இருவரும் 1985இல் தேர்வானார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் என்ற ஓடம் 73ஆவது நொடியில் சிதறியது. அந்தத் திட்டமும் அதோடு முடிந்தது. காரணம், திட எரிபொருள் பூஸ்டரின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம். ஏவும்போது குளிர் சுமார் 2 டிகிரி செல்சியஸ். ரப்பர் விறைத்துப்போய், இணைப்பு அசைந்தபோது இடைவெளியை மூடவில்லை. இவ்வளவும் உலகத்துக்கு எப்படித் தெரியும்? விசாரணை ஆணையத்தின் அறிக்கை ஐந்து மாதத்துக்குள் அச்சாகி வெளிவந்தது. அந்த வளையம் பற்றிப் பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தார்கள், நிர்வாகம் கேட்கவில்லை என்பதுவரை அதில் இருந்தது.

திட எரிபொருள் பூஸ்டர் கட்டுகிற எந்த நாடும் படிக்காமல் தாண்ட முடியாத அறிக்கை அது. 2022 மே 13 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் 203 டன் எரிபொருளை 135 நொடி எரித்துச் சோதித்தீர்களே, ககன்யான் ராக்கெட்டுக்கான அந்த எச்எஸ்200 பூஸ்டரும் துண்டுகளாகச் செய்து இணைக்கப்படுவதுதான். அதன் இணைப்புகளில் கூடுதல் பாதுகாப்பு செய்திருப்பதாக நீங்களே சொன்னீர்கள்.

கடைசியாக 2025. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சுபான்ஷு சுக்லா போன ஆக்ஸியம்-4 பயணம் ஜூன் 11 அன்று கிளம்ப வேண்டியது. அதன் ராக்கெட்டான பால்கன்-9இல் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. கசிவைச் சரிசெய்து, சோதித்துக் காட்டிய பிறகுதான் ஏவ வேண்டும் என்று நீங்கள் உறுதியாக நின்றீர்கள். குழாயில் விரிசல் இருந்தது என்றும், அப்படியே பறந்திருந்தால் பெரும் விபத்து ஆகியிருக்கும் என்றும் தலைவர் நாராயணன் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். ஜூன் 25 அன்று ராக்கெட் கிளம்பியது. ஜூலை 15 அன்று சுக்லா பத்திரமாகக் கடலில் இறங்கினார். அந்த நாட்களில் உங்கள் பிடிவாதத்தை நாங்கள் மெச்சினோம், இன்றும் மெச்சுகிறோம். நம் ஆள் ஏறுகிற வண்டி என்பதால், அயல்நாட்டுத் தனியார் நிறுவனத்திடம் ‘காரணத்தைக் காட்டு, சோதனை முடிவைக் காட்டு’ என்று கேட்டீர்கள். அதே கேள்வியைத்தான் இப்போது நாங்கள் உங்களிடம் கேட்கிறோம்.

இனி உங்கள் சொந்தச் சோதனைகளுக்கு வருவோம்.

2018 ஜூலை 5, ஏவுதளத் தப்பிப்புச் சோதனை. 12.6 டன் எடையுள்ள தொகுதி 259 நொடியில் மேலே போய்ச் சுமார் 2.9 கி.மீ. தள்ளிக் கடலில் இறங்கியது. ‘பாதுகாப்பான ஜி அளவைத் தாண்டாமல்’ என்று குறிப்பு சொல்கிறது. எத்தனை ஜி? எத்தனை நொடி? எந்தத் திசையில்? மார்பிலிருந்து முதுகுக்கு அழுத்தும் 15 ஜியை மனிதர் சில நொடி தாங்குவார். அதே அளவு தலையிலிருந்து காலுக்கு வந்தால் மூளைக்கு ரத்தம் போகாது, நினைவு தப்பும். திசை தெரியாமல் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. சுமார் 300 சென்சார் அந்தச் சோதனையில் இருந்ததாக அதே குறிப்பு சொல்கிறது. ஆக, எண் உங்களிடம் இருக்கிறது.

2014 டிசம்பர் 18, ஆள் ஏறும் கலனின் சோதனை மாதிரியான கேர் கலன். எல்விஎம்-3இன் முதல் சோதனைப் பயணத்தில் 3,775 கிலோ கலன் 126 கி.மீ. உயரம் போய், அந்தமான் பக்கம் கடலில் விழுந்தது. கடலோரக் காவல் படை அதை மீட்டு எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. நல்ல சோதனை. ஆனால் அது சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. பிரிந்தபோது வேகம் நொடிக்குச் சுமார் 5.3 கி.மீ.; சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலன் வருவதோ 7.8 கி.மீ. வேகத்தில். வெப்பம் ஏறும் வீதம் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். கணக்குப் போட்டால், கேர் கலன் கண்ட வெப்ப வீதம் உண்மையான பயணத்தில் வரப்போவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சுற்றுப்பாதை வேகத்திலிருந்து நாம் பத்திரமாக மீட்ட கலன் 2007 ஜனவரி 22 அன்று இறங்கிய எஸ்ஆர்இ-1; அதன் எடை 550 கிலோ. பல டன் கலனுக்கான வெப்பக் கவசம் அந்த வேகத்தைத் தாங்குமா என்பதை ககன்யானின் முதல் ஆளில்லாப் பயணமான ஜி1தான் காட்ட வேண்டும். இதை ஒரு பத்தியில் எழுதிப் போட்டிருந்தால், ‘2014லேயே கலனைச் சோதித்தாயிற்றே, இன்னும் ஏன் தாமதம்?’ என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்திருக்கும். மறைத்ததால் இங்கே நட்டம் உங்களுக்குத்தான்.

பாராசூட் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறங்கும்போது உயிர் தொங்குவது அதில்தான். ககன்யான் கலனில் மொத்தம் பத்து பாராசூட். இரண்டு சிறியவை மேல் மூடியை இழுத்து அகற்றும். 5.8 மீட்டர் குறுக்களவுள்ள இரண்டு, உருண்டு புரளும் கலனை நிலைப்படுத்தி வேகத்தைக் குறைக்கும். மூன்று சிறியவை மூன்று பெரியவற்றை வெளியே இழுக்கும். பெரியவை ஒவ்வொன்றும் 25 மீட்டர். மூன்றில் இரண்டு விரிந்தாலே பத்திரமாக இறங்கலாம். 25 மீட்டர் துணி ஒரே வீச்சில் விரிந்தால் கிழியும், கயிறு அறும். அதனால் அதன் வாயைச் சுருக்குப்பை போலக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். பாதி விரிந்த நிலையில் சில நொடி கழிந்ததும் ஒரு குட்டி வெடிக்கருவி அந்தக் கயிற்றை வெட்டும். அப்புறம்தான் முழு விரிவு.

இதில் என்ன கெடலாம்? ஒரு பாராசூட்டின் சுருக்குக் கயிறு உரிய நேரத்தில் அறுந்து, பக்கத்தில் உள்ளது தாமதித்தால், முதலில் விரிந்ததன் தலையில் ஏறக்குறைய முழுச் சுமையும் விழும். அது கிழிந்தால் எஞ்சியதன் மேல் இன்னும் அதிகச் சுமை. 2025 நவம்பர் 3 அன்று ஜான்சி அருகே பபினாவில், ஐஎல்-76 விமானத்திலிருந்து 2.5 கி.மீ. உயரத்தில் போட்டு நீங்கள் சோதித்தது இந்த நிலையைத்தான். மூன்றில் ஒன்று விரியாத நிலையை 2022 நவம்பர் 18 அன்றே அதே இடத்தில் 5 டன் எடையை வைத்துச் சோதித்தீர்கள். இரண்டும் சரியான சோதனைகள். கெட்டது நடக்கட்டும் என்று வேண்டுமென்றே நடத்திப் பார்ப்பவை. ஆனால் இரண்டு பாராசூட்டுக்கும் இடையே எத்தனை நொடி தாமதம் கொடுத்தீர்கள், கயிற்றில் அதிகபட்சம் எத்தனை டன் ஏறியது, தாங்கும் திறனில் அது எத்தனை சதவீதம் என்பது குறிப்பில் இல்லை. சோதனையின் உயிரே அந்த மூன்று எண்கள்தான்.

2023 அக்டோபர் 21, ராக்கெட் பறக்கும்போதே கலன் தப்பிக்கும் டிவி-டி1 சோதனை. இதில் உங்களுக்கு முழு மதிப்பெண் தரலாம், பாதி விஷயத்துக்கு. ஏவ 5 நொடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. நேரலையிலேயே அன்றைய தலைவர் சோமநாத் வந்து இன்ஜின் எரியவில்லை என்றார். கோளாறைக் கண்டு சரிசெய்து 10 மணிக்கு ஏவினீர்கள். ஒலியைவிட 1.2 மடங்கு வேகத்தில் கலன் பிரிந்தது, கரையிலிருந்து சுமார் 10 கி.மீ. தள்ளி இறங்கியது, கடற்படை மீட்டது. நாடே பார்த்தது. அதோடு இன்னொன்றையும் நாடு பார்த்தது: கலன் நீரில் தலைகீழாக மிதந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்பல்லோ-11 கலனும் பசிபிக்கில் குப்புறக் கவிழ்ந்து, காற்றுப் பைகள் ஊதிய பிறகுதான் நிமிர்ந்தது. டி1 கலனில் நிமிர்த்தும் பைகள் இல்லை, உள்ளே காற்றழுத்தமும் கிடையாது. இதைத் தெளிவாக முன்கூட்டியே எழுதியிருந்தால் வாட்ஸ்அப் நிபுணர்களுக்கு வேலை இருந்திருக்காது.

எண்களைச் சொல்ல உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் மகேந்திரகிரியில் மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் சிஇ-20 கிரையோஜெனிக் இன்ஜினின் மனிதப் பயணத் தகுதிச் சோதனைகள் முடிந்தபோது எழுதினீர்கள்: நான்கு இன்ஜின்கள், 39 எரிப்புச் சோதனைகள், மொத்தம் 8,810 நொடி, தகுதிக்குத் தேவையான குறைந்த அளவு 6,350 நொடி. இதுதான் அறிக்கை. தேவை என்ன, கிடைத்தது என்ன என்று ஒரே வாக்கியத்தில் தெரிகிறது. 39இல் முன்கூட்டியே நிறுத்தியவை எத்தனை என்பதையும் சேர்த்தால் நிறைவாகிவிடும். திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஒரு மையத்தால் முடிந்தது மற்றவற்றால் ஏன் முடியவில்லை?

உயிர்காப்பு அமைப்பைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறீர்கள். பிற நாடுகள் தர முன்வராததால் நாமே செய்கிறோம் என்று 2023 டிசம்பரில் அன்றைய தலைவர் சோமநாத் சொன்னார். தாமதத்துக்கு அவர் சொன்ன மிக நேர்மையான காரணம் அது. ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜனை இழுத்து, ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். மூன்று பேர் மூன்று நாள் என்றால் 9 கிலோ. லித்தியம் ஹைட்ராக்சைடால் பிடிப்பதானால் கணக்குப்படி 10 கிலோ போதும். கையிருப்பாக இன்னும் கொஞ்சம். சரக்கு சிறிதுதான், சிக்கல் வேறு இடத்தில். எடையற்ற நிலையில் வெப்பக் காற்று மேலே எழும்பாது. விசிறி நின்றால், தூங்குபவரின் மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும். ஓரிரு சதவீதம் ஆனாலே தலைவலியும் தடுமாற்றமும் வரும். மூடிய கலனில் ஆட்களை அமர்த்தியோ, அவர்களுக்குச் சமமான வெப்பமும் ஈரமும் வாயுவும் செலுத்தியோ எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள்? விசிறி ஒன்று நின்றால் என்ன ஆனது? இன்ஜினுக்கு 8,810 நொடி என்று சொன்னவர்கள் இதற்கும் ஒரு மணிக்கணக்கைச் சொல்லலாம்.

தேதிகளையும் விட முடியாது. 2018 ஆகஸ்ட் 15 அன்று 2022க்குள் என்று அறிவிப்பு வந்தது. இப்போது பேசுவது 2027. ஆளை ஏற்றுகிற வண்டிக்குத் தாமதம் குற்றமே அல்ல. அவசரம்தான் ஆட்களைக் கொன்றிருக்கிறது. ஆனால் 9,023 கோடி ரூபாயில் தொடங்கிய திட்டம், விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து எட்டுப் பயணங்களாக விரிந்து, 2024 செப்டம்பரில் 20,193 கோடி ஆகியிருக்கிறது. எந்தச் சோதனையில் என்ன கண்டதால் எத்தனை மாதம் தள்ளியது என்ற பட்டியல் எங்கும் இல்லை. பெருந்தொற்று ஒரு பங்கு என்று எல்லாருக்கும் தெரியும். மீதி?

பாதுகாப்பு ரகசியம் என்று ஒரு பதில் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு அதற்கு இடம் தருகிறது என்பதும் தெரியும். எரிபொருள் கலவை, வழிகாட்டு மென்பொருள் இவற்றை யாரும் கேட்கவில்லை. கலன் கடலைத் தொட்ட வேகத்தை வைத்து எவரும் ஏவுகணை செய்துவிட முடியாது. 2021 ஆகஸ்டில் ஜிஎஸ்எல்வி-எஃப்10 தோற்றபோது, ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு ஒன்று கசிந்து அழுத்தம் இறங்கியதுதான் காரணம் என்று நீங்களே விரிவாக வெளியிட்டீர்கள். நாட்டுக்கு அதனால் என்ன கெட்டுவிட்டது? ரஷ்யாவைப் பாருங்கள். 2018 அக்டோபர் 11 அன்று சோயுஸ் எம்எஸ்-10 நடுவானில் தோற்று இருவர் தப்பி இறங்கினார்கள். பூஸ்டரைப் பொருத்தும்போது ஒரு சென்சாரின் ஊசி வளைந்துவிட்டது என்று மூன்றே வாரத்தில், காணொளியோடு அறிவித்தார்கள். டிசம்பர் 3 அன்று அடுத்த குழு அதே வகை ராக்கெட்டில் ஏறியது.

எங்கள் கோரிக்கைகள் இவை. சி61, சி62 இரண்டின் ஆய்வு அறிக்கைகளையும், ரகசியமானவற்றைக் கறுப்படித்துவிட்டு, முழுதாக வெளியிடுங்கள். இனி ககன்யான் தொடர்பான எந்தப் பறப்புச் சோதனையிலும் கோளாறு நேர்ந்தால், அதன் காரணம் வெளியாகும் முன் அடுத்த சோதனையை நடத்துவதில்லை என்று எழுத்தில் அறிவியுங்கள்.

இதுவரை நடந்த ஒவ்வொரு தகுதிச் சோதனைக்கும் இரண்டு நெடுவரிசை உள்ள ஒரு தாள் போதும்: எதிர்பார்த்த அளவு ஒரு பக்கம், கிடைத்த அளவு மறுபக்கம். தப்பிப்புச் சோதனைகளுக்கு ஜி அளவும் திசையும் நேரமும். பாராசூட்டுக்குச் சுமையும் இறங்கு வேகமும். உயிர்காப்புக்கு ஓடிய மணிகளும் வாயு அளவும். ஆளில்லாப் பயணங்கள் முடிந்து ஆள் ஏறும் முன், இன்னும் தீராத குறைகள் எவை, எவற்றை ஏற்றுக்கொண்டு பறக்கப் போகிறீர்கள் என்ற பட்டியல் நாடாளுமன்றத்தின் முன் வர வேண்டும். ககன்யானுக்குத் தேர்வான நான்கு விமானப்படை அதிகாரிகளின் குடும்பங்களுக்கு அந்த உரிமை எங்களைவிட அதிகம்.

அப்பல்லோ-1 தீ விபத்துக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் நாசாவுக்கு வெளியே ஒரு பாதுகாப்பு ஆலோசனைக் குழுவை அமைத்தது. அது இன்றும் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது, நாசாவைக் கடிந்துகொள்ளவும் செய்கிறது. விபத்து நடந்த பிறகு அமைப்பதை நாம் நடக்கும் முன்பே அமைக்கலாம். துறையின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களைக் கொண்ட குழுவாக அது இருக்க வேண்டும்.

1984 குழுவில் மாற்று வீரராக நின்ற ரவீஷ் மல்ஹோத்ரா முதல் 1985இல் தேர்வானவர்கள் வரை, எஸ்ஆர்இ-1ஐயும் கேர் கலனையும் கட்டியவர்கள் வரை, எல்லாருடைய குறிப்பேடுகளையும் நினைவுகளையும் ஒரே ஆவணக் காப்பகத்தில் திரட்டி யாரும் படிக்கத் திறந்துவையுங்கள்.

ஏவுதல் நாளில் கடலுக்குப் போகாதே என்ற எச்சரிக்கை பழவேற்காட்டு மீனவர் வரை போய்ச் சேருகிறது. சோதனையின் முடிவும் அதே வழியில், அவர்கள் படிக்கும் மொழியில் போய்ச் சேரட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 2018 ஜூலை 5 காலை 7 மணிச் சோதனையில் கலன் கண்ட அதிகபட்ச ஜி எத்தனை என்ற ஒற்றை எண்ணிலிருந்து தொடங்குங்கள்.